இரண்டாம் ஆட்டம்

எங்கள் காலத்தில் படம் அசையாமல் நின்றது, கொட்டகைதான் ஆடியது. இப்போது கொட்டகை அசைவதில்லை, படம் ஆடுகிறது. ராஜபாளையத்தில் இருந்தபடி நாற்பது, நாற்பத்தைந்து வருஷத் தமிழ் சினிமாவின் வளர்ச்சியைச் சொல்லச் சொன்னால் இவ்வளவுதான் சொல்வேன். மிச்சமெல்லாம் டிக்கெட் விலை.

முதலில் கொட்டகை. எழுபதுகளின் கடைசியில் ஊருக்கு வெளியே, தென்காசி ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு டூரிங் டாக்கீஸ் இருந்தது. மேலே கூடாரத் துணி, பக்கவாட்டில் தட்டி, கீழே ஆற்று மணல். தரை டிக்கெட்டுக்காரர்கள் மணலைக் கூட்டி மேடு கட்டி அதன்மேல் உட்காருவார்கள். பின்னால் இருப்பவன் அதைவிட உயரமாக ஒரு மேடு கட்டுவான். முதல் இடைவேளைக்குள் அங்கே ஒரு மலைத்தொடரே எழும்பியிருக்கும். பெஞ்சு டிக்கெட் வாங்கினால் கௌரவம் உண்டு, நிம்மதி கிடையாது. நாலு பேர் பெஞ்சில் ஆறு பேர். இந்த ஓரத்து ஆள் முறுக்கு வாங்க எழுந்தால் அந்த ஓரத்து ஆள் தரை டிக்கெட்டுக்கு இறங்கிவிடுவார்.

இதெல்லாம் சில்லறை ஆட்டம். பெரிய ஆட்டம் திரையில். மேற்குத் தொடர்ச்சி மலை எங்கள் ஊருக்குக் கொல்லைச் சுவர் மாதிரி. ஆனி பிறந்துவிட்டால் காற்று அந்தச் சுவர் ஏறிக் குதிக்கும். ஆடிக் காற்றில் அம்மி பறந்ததை நான் பார்த்ததில்லை. எம்.ஜி.ஆர். பறந்ததைப் பார்த்திருக்கிறேன். ‘ஆயிரத்தில் ஒருவன்’ 1965-ல் வெளியான படம். எங்கள் கொட்டகைக்கு அது எத்தனையாவது தடவை வந்தது என்பதற்குக் கணக்கில்லை. எம்.ஜி.ஆரும் நம்பியாரும் வாளை உருவிக்கொண்டு நிற்பார்கள். காற்று வந்து திரையை உப்பும். நம்பியாருக்குத் தொப்பை விழும். எம்.ஜி.ஆரின் வாள் நடுவில் வளைந்து அரிவாளாகும். காற்று நின்றதும் வாள் நிமிரும், அதற்கொரு விசில். இரண்டு பேரும் தலை முதல் கால் வரை தெரிவார்கள், யார் வாள் யார்மேல் படுகிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. அந்தக் காற்றிலும் சண்டை புரிந்தது என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

போதாததற்கு மிஷின். இருந்தது ஒரே புரொஜெக்டர், அதனால் ரீல் மாற்றும்போதெல்லாம் ஒரு இடைவேளை. கார்பன் குச்சி எரிந்து குறையக் குறைய வெளிச்சம் மங்கும், ஆபரேட்டர் குச்சியைத் தள்ளியதும் கதாநாயகி மறுபடி சிவப்பாவாள். பிரிண்ட்டும் புதுசாக வராது. மதுரையில் ஓடி, விருதுநகரில் ஓடி, சிவகாசியில் ஓடி, எங்களிடம் வரும்போது ஓரத்து ஓட்டைகள் கிழிந்திருக்கும். பல் சக்கரம் கவ்வ வேண்டிய ஓட்டை கிழிந்திருந்தால் பிலிம் வழுக்கும், படம் மேலும் கீழும் துள்ளும். கொஞ்ச நேரத்தில் சிவாஜியின் தலை திரையின் அடியிலும் கால்கள் மேலேயும் நிற்கும். உடனே கொட்டகை மொத்தமும் “ஃப்ரேமு! ஃப்ரேமு!” என்று கத்தும். சிலர் ஆபரேட்டரின் வம்சத்தையும் விசாரிப்பார்கள். மறு நிமிஷம் சிவாஜி சரியாகிவிடுவார்.

இதில் ஒரு நாகரிகம் இருந்தது. படம் ஆடினால் அது தப்பு. அந்தத் தப்பைச் சரிசெய்ய ஒரு ஆள் உண்டு. நாம் கத்துவது அவர் காதில் விழும். அப்படிப்பட்ட ஒரு ஆளின் வாழ்க்கையை, விருதுநகர்க்காரரான வசந்தபாலன் 2006-ல் ‘வெயில்’ படத்தில் எடுத்தார். பசுபதி நடித்த முருகேசன் தியேட்டரோடு வளர்ந்து, தியேட்டரை இடிக்கும்போது தானும் இடிந்துபோவான். இன்றைக்குப் படம் க்யூப் மாதிரி ஒரு ஏற்பாட்டில் சர்வரிலிருந்து ஓடுகிறது. பிலிம் இல்லை, ஓட்டை இல்லை, கிழிசல் இல்லை. சுவரில் வரைந்த படம்கூட அவ்வளவு நிலையாக இருக்காது. இப்போது ஆடுகிறது என்று யாரைப் பார்த்துக் கத்துவது? ஆடுவது மிஷின் இல்லை. டைரக்டர் அப்படித்தான் கேட்டு வாங்கியிருக்கிறார்.

அப்போது கேமரா ஏன் ஆடவில்லை என்றால், பாதிக் காரணம் எடை. ஸ்டூடியோவில் இருந்த மிட்செல் கேமராவைச் சத்தம் வராமல் உறை போட்டு மூடினால் ஒரு ஆளால் தூக்க முடியாது. அது நிற்கும், அல்லது தண்டவாளத்தில் டிராலி ஏறிப் போகும். பிறகு ஆரிஃபிளெக்ஸ் 2சி வந்தது. கையில் தூக்கிக்கொண்டு ஓடலாம். அதன் இரைச்சல் வசனத்தை விழுங்கும், ஆனால் நம் ஊரில் வசனத்தை எப்படியும் பிறகுதானே டப்பிங் பேசினார்கள், கவலையில்லை. ஓடத் தடை ஏதும் இல்லாத காலத்திலும் நம் கேமராமேன்கள் பெரும்பாலும் நிதானமாகவே நின்றார்கள். மகேந்திரனின் ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’ (1980) படத்தில் மோகனும் சுஹாசினியும் விடியற்காலைப் பனியில் ஓடிக்கொண்டே இருப்பார்கள். ஓடுவது அவர்கள்தான், கேமரா மிதக்கும். அந்தப் படத்துக்காகக் கேமராமேன் அசோக்குமாருக்குத் தேசிய விருது கிடைத்தது. பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு ஓட வேண்டும் என்று தோன்றியதே தவிர எலுமிச்சம்பழம் கேட்கத் தோன்றவில்லை.

அதற்காக அந்தக் காலத்தைக் கோயில் கட்டிக் கும்பிடவும் நான் தயாரில்லை. எழுபதுகளில் ஜூம் லென்ஸ் என்றொரு வியாதி இருந்தது. தந்தி வந்தால் ஜூம், தாலி கழன்றால் ஜூம். அதிர்ச்சி பெரிது என்றால் அதே மூக்குக்கு மூன்று தடவை போய்த் திரும்பும். அந்தக் கேமராமேனுக்கும் கை சும்மா இருக்கவில்லை, பாவம், ஸ்டாண்டு மட்டும் சும்மா இருந்தது.

ஆடும் கேமராவை எனக்கு முதலில் அறிமுகப்படுத்தியது சினிமா இல்லை, என் கல்யாணம். எண்பதுகளின் கடைசியில், ஸ்ரீவில்லிபுத்தூரில், பெண் வீட்டார் ஏற்பாடு. வீடியோ எடுப்பது அப்போது ஒரு அந்தஸ்து. பால்கோவாவுக்குச் சொல்லும்போதே வீடியோவுக்கும் சொல்லிவிடுவார்கள். தோளில் பெட்டி சுமந்த ஒருவர், பின்னால் கண் கூசும் விளக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு பையன், இரண்டு பேரையும் கட்டியிழுக்கும் வயர். அந்த வயரில் மாமனார் வீட்டு ஆட்கள் பாதிப் பேர் தடுக்கினார்கள். கேசட்டைப் போட்டுப் பார்த்தால் முகூர்த்த நேரத்தில் பந்தல் தெரிகிறது. பிறகு சமையல்காரரின் முதுகு. அப்புறம் தரை, தரையில் யாருடையதோ செருப்பு. தாலி கட்டும்போது கூட்டம் இடித்ததால் எல்லாமே நடுங்குகிறது. கட்டியது நான்தானா என்று கேட்டால் கேசட்டை வைத்து நிரூபிக்க முடியாது. என் மாமனார் அதைப் பார்த்துவிட்டு, “பணத்த வாங்கிட்டுப் பூகம்பத்த எடுத்துருக்கான்” என்றார். பாக்கிப் பணத்தையும் தரவில்லை.

இன்று அந்தக் கேசட்டை ஏதாவது ஒரு திரைப்பட விழாவுக்கு அனுப்பினால் ஜெயிக்கும் என்பது என் நம்பிக்கை.

என் அக்கா மகன் இப்போது ராஜபாளையத்தில் கல்யாண வீடியோ எடுக்கிறான். அவனிடம் கிம்பல் இருக்கிறது. 2013-ல் மோவி என்ற பெயரில் அமெரிக்காவில் வந்து, மறு வருஷமே ரோனின் என்று விலை குறைந்து, நாலைந்து வருஷத்தில் எங்கள் ஊர் பஞ்சு மார்க்கெட் வரை வந்துவிட்ட கருவி. கை எப்படி ஆடினாலும் அதற்குள் இருக்கும் மோட்டார்கள் எதிர்ப்பக்கம் திருப்பிக் கேமராவை நேராக வைக்கும். 1975-ல் காரெட் பிரவுன் கண்டுபிடித்த ஸ்டெடிகேமுக்குக் கவசம் மாதிரி ஒரு சட்டையும் அதைச் சுமக்க ஒரு பயில்வானும் வேண்டும். இதற்கு என் மருமகன் போதும். அவன் எடுத்த சீமந்த வீடியோவைப் பார்த்தேன். வளைகாப்புக் கை, சந்தனம், பாட்டியின் சுருக்கம், எல்லாவற்றின்மேலும் கேமரா வழுக்கிக்கொண்டு போகிறது. மணிரத்னம் படம் தோற்றது.

“மாப்ள, கல்யாண வீடியோ இவ்வளவு நிதானமா இருக்கு, சினிமா ஏன் இப்படி ஆடுது?” என்று கேட்டேன்.

“மாமா, கல்யாண வீடியோல ஆடுச்சுன்னா பார்ட்டி பாக்கியத் தர மாட்டாங்க. சினிமால ஆடுச்சுன்னா அவார்டு தர்றாங்க.”

பையன் விவரமானவன். ஆனால் அவன் அடுத்துச் சொன்னதில்தான் எனக்குத் தலை சுற்றியது. “சினிமா லுக்” வேண்டும் என்று கேட்கிற பார்ட்டிகளுக்காகக் கிம்பலில் நிதானமாக எடுத்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஆட்டம் சேர்க்கிறானாம். அதற்கென்றே ‘கேமரா ஷேக்’ என்று ரெடிமேடாக இருக்கிறது. லேசான ஆட்டம், நடுத்தர ஆட்டம், பலமான ஆட்டம். கூடவே பழைய ரீல் எஃபெக்டும் கிடைக்கிறதாம்: கீறல், புள்ளி, துள்ளல், மங்கி ஏறும் வெளிச்சம். தென்காசி ரோட்டுக் கொட்டகையில் தரை டிக்கெட்டுக்கு இலவசமாகக் கிடைத்த அத்தனையும் இப்போது காசு கொடுத்து வாங்கும் சரக்கு.

சமீபத்தில் குடும்பத்தோடு ஒரு படத்துக்குப் போனேன். தியேட்டரில் குறை சொல்ல எதுவும் இல்லை. சாய்ந்துகொள்ளும் நாற்காலி, ஏசி, தூசி தட்டிய திரை. படத்தில் அண்ணனும் தம்பியும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சொத்துப் பிரிப்பதைப் பற்றிப் பேசுகிறார்கள். அண்ணன் ஆடவில்லை, தம்பி ஆடவில்லை, கிளாஸில் டீகூட ஆடவில்லை. கேமரா மட்டும் ஆடுகிறது. மூச்சு வாங்குகிறது, இடறுகிறது, அண்ணனின் காதைப் பார்க்கிறது, திடுக்கிட்டுச் சர்க்கரை டப்பாவைப் பார்க்கிறது. பிறகு சண்டை. அதில் ஒரு முழங்கை தெரிந்தது, ஒரு சட்டைப் பட்டன் தெரிந்தது, யாரோ விழுந்தார்கள். விழுந்தது யார் என்று எழுந்த பிறகுதான் தெரிந்தது.

இடைவேளையில் என் மனைவியிடம் எப்படி இருக்கிறது என்றேன். “முக்கால்வாசி கண்ண மூடித்தாங்க இருந்தேன். ஞாயித்துக்கிழம மத்தியானம் ரேடியோல ஒலிச்சித்திரம் கேட்ட மாதிரி நல்லாத்தான் இருந்துச்சு” என்றாள். இத்தனை கோடி செலவழித்து எடுத்த படத்தைத் தமிழ்நாட்டு மக்கள் மறுபடியும் ரேடியோவாகக் கேட்கிறார்கள் என்பதைத் தயாரிப்பாளர்களுக்கு யாராவது சொன்னால் நல்லது.

ஆடும் கேமராவுக்கு ஆதரவாக எல்லோரும் சொல்கிற ஒரே வாதம், அதுதான் இயல்பு, மனிதன் அப்படித்தான் உலகத்தைப் பார்க்கிறான் என்பது. இதைச் சோதிக்க இரண்டு நிமிஷம் போதும். கையில் தினத்தந்தியைப் பிடித்துக்கொண்டு பேப்பரை இடமும் வலமும் வேகமாக ஆட்டிப் படியுங்கள். முடியாது. இப்போது பேப்பரை அசைக்காமல் அதே வேகத்தில் தலையை ஆட்டிப் படியுங்கள். எழுத்து நிற்கும். காதின் உள்ளே மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை வலப்பக்கம் திரும்பினால் அவை கண் தசைகளுக்குச் சேதி சொல்ல, கண் அதே அளவு இடப்பக்கம் திரும்பிவிடும். ஏறக்குறைய நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் இது தொடங்கிவிடுகிறது. அதனால்தான் பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடும்போதும் அது சங்கரன்கோவில் போகிறதா தென்காசி போகிறதா என்று நம்மால் போர்டைப் படிக்க முடிகிறது. பிறக்கும்போதே தலைக்குள் கிம்பலோடு பிறந்தவன் மனிதன். ஆடும் கேமரா மனிதக் கண் இல்லை, காது இல்லாத கண்.

தலைசுற்றலும் அங்கேதான் தொடங்குகிறது. கண், நீ ஓடிக்கொண்டிருக்கிறாய் என்கிறது. காது, நீ மெத்தையில் சாய்ந்திருக்கிறாய் என்கிறது. இரண்டு சாட்சியும் முரண்பட்டால் வயிறு தீர்ப்புச் சொல்லும். கொடைக்கானல் பஸ்ஸில் இதே வழக்குத் தலைகீழாக நடக்கும்: காது ஆட்டத்தை உணர்கிறது, கண் எதிர் சீட்டையோ செல்போனையோ பார்த்துக்கொண்டு எல்லாம் நிலையாக இருப்பதாக நினைக்கிறது. திரை பார்வையை எவ்வளவுக்கு நிறைக்கிறதோ அவ்வளவுக்குச் சங்கடம் கூடும். ஆக, முன்வரிசையில் குறைந்த டிக்கெட் வாங்கியவனுக்குத்தான் ஆட்டம் அதிகம். இந்த ஒன்று மட்டும் டூரிங் டாக்கீஸ் காலத்திலிருந்து மாறவில்லை.

வெள்ளைக்காரர்களுக்கும் வாந்தி வருகிறது என்பது ஒரு ஆறுதல். 1999-ல் ‘தி பிளேர் விட்ச் புராஜெக்ட்’ ஓடியபோது பேயைவிடக் கேமராவுக்குப் பயந்து எழுந்து போனவர்கள் உண்டு. 2008-ல் ‘குளோவர்ஃபீல்டு’ வந்தபோது அமெரிக்காவில் தியேட்டர்களே தலைசுற்றல் வரலாம் என்று எச்சரிக்கை ஒட்டின. அதற்கும் முன்னால், 1995-ல், டென்மார்க்கில் லார்ஸ் வான் ட்ரையரும் தாமஸ் வின்டர்பெர்கும் டோக்மே என்று பத்துக் கட்டளை எழுதினார்கள். மூன்றாவது கட்டளை, கேமரா கையில்தான் இருக்க வேண்டும். பால் கிரீன்கிராஸ் எடுத்த ‘தி போர்ன் அல்டிமேட்டம்’ (2007) எடிட்டிங்குக்கு ஆஸ்கார் வாங்கியது. அதன் சண்டைகளும் துண்டு துண்டாகத்தான் வரும், ஆனால் எந்தத் துண்டு எதற்கு அடுத்தது என்று கணக்குப் போட்டுச் செய்திருப்பார்கள். நம் ஆட்கள் ஆட்டத்தை இறக்குமதி செய்தார்கள், கணக்குச் சுங்கத்தில் மாட்டிக்கொண்டது.

கையில் தூக்கிய கேமராவே கூடாது என்பவன் இல்லை நான். வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ (2010) ரங்கநாதன் தெருவில் எடுக்கப்பட்டது. தீபாவளி நேரத்து ரங்கநாதன் தெருவில் நிற்க இடமில்லாதவனுக்கு ஸ்டாண்டு வைக்க எங்கே இடம்? பாலாஜி சக்திவேலின் ‘வழக்கு எண் 18/9’ (2012) படத்தை விஜய் மில்டன் கேனான் ஸ்டில் கேமராவில் எடுத்தார். பிளாட்பாரத்துப் பையனின் கதைக்கு அந்தச் சின்னக் கேமரா பொருந்தியது. எல்லாவற்றுக்கும் மேலாக பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’. 2021-ல் ராட்டர்டாமில் டைகர் விருது வாங்கிய முதல் தமிழ்ப்படம். குடிகார அப்பனும் பள்ளிக்கூடத்துப் பையனும் கொதிக்கும் வெயிலில் நடக்கிறார்கள், கேமராவும் பின்னாலேயே நடக்கிறது. அப்பனின் முதுகையும் அதில் ஏறும் கோபத்தையும் விட்டுக் கண் நகரவில்லை. கேமரா ஆடுகிறதா என்று கவனிக்கவே எனக்குத் தோன்றவில்லை; தாகம்தான் எடுத்தது. அங்கே ஆள் நடப்பதால் கேமரா அசைகிறது. டீக்கடையில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது எதற்காக அசைகிறது?

காரணம் மருமகனுக்குத் தெரியும், அவன் இரண்டு படங்களில் உதவியாளனாக வேலை பார்த்தவன். டிராலி போட்டு மட்டம் பார்க்க அரை மணி நேரமாகும், அதற்கு ஆள் வேண்டும். சண்டைக்குப் பத்து நாள் ஒத்திகை பார்க்க ஹீரோவிடம் தேதி இல்லை. வசனம் சப்பென்று இருக்கிறது என்று எடுக்கும்போதே எல்லோருக்கும் தெரிகிறது. கேமராவைத் தோளில் ஏற்றினால் இந்த மூன்று பிரச்சினையும் ஒரே நேரத்தில் தீர்ந்துவிடும். பேட்டியில் கேட்டால் யதார்த்தம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து பாருங்கள். ஆண்டாள் தேர் தமிழ்நாட்டின் பெரிய தேர்களில் ஒன்று. மரச்சக்கரம் போய் இரும்புச் சக்கரம் வந்து, முட்டுக்கட்டைக்குத் துணையாக ஹைட்ராலிக் பிரேக்கும் வந்துவிட்டது. ஆனாலும் தேர் அசைந்துதான் வரும்; அசையாத தேரைப் பார்க்க யாரும் ரத வீதிக்கு வரமாட்டார்கள். வடம் பிடிப்பவன் ஆடுகிறான், மேலே தொங்கும் தொம்பை ஆடுகிறது, கூட்டம் அலைமோதுகிறது. பார்க்கிறவன் கண் மட்டும் நிலையாக இருக்கிறது. நிலையாக இருப்பதால்தான் தேர் எவ்வளவு அசைகிறது என்பது அவனுக்குத் தெரிகிறது. நாலு வருஷத்துக்கு முன் ஒரு பையன் தேருக்கு முன்னால் பின்னோக்கி ஓடிக்கொண்டே செல்போனில் எடுத்ததைப் பார்த்தேன். அதில் தேர் நிற்கிறது, ரத வீதி ஓடுகிறது, ஆண்டாளைக் காணோம்.

ஆகவே பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கைக்கேமராப் படம் என்று கேள்விப்பட்டால் நடுவரிசைக்குப் பின்னால் டிக்கெட் எடுங்கள். பிரியாணியைப் படம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். சுற்றத் தொடங்கினால் திரைக்குப் பக்கத்தில் வெளியேறும் வழி என்று எரிகிற விளக்கைக் கொஞ்ச நேரம் பாருங்கள். தியேட்டரில் அசையாத காட்சி அது ஒன்றுதான்.

எடுக்கிறவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். எங்கள் பக்கம் ஷூட்டிங்குக்குத் தாராளமாக வாருங்கள். மலை இருக்கிறது, அய்யனார் கோவில் ஆறு இருக்கிறது, ஸ்ரீவில்லிபுத்தூரில் 192 அடிக் கோபுரம் இருக்கிறது. வரும்போது ஸ்டாண்டு கொண்டுவர மறந்துவிட்டால் கவலைப்பட வேண்டாம். கிம்பல் வாங்கிய பிறகு என் மருமகனிடம் இரண்டு ஸ்டாண்டு சும்மா கிடக்கிறது. வாடகை கேட்க மாட்டான், நான் சொல்லி வைத்திருக்கிறேன்.